மூன்று ஸ்பூன் கஞ்சி

முதல் நோன்பு அன்று சாயங்காலம், மடியில் ஒரு தூக்கை வைத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸின் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். எவர்சில்வர் தூக்கு. மூடியில் 'மெஹருன்னிசா' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. முதலில் இஞ்சி பூண்டு. பிறகு புதினா. கடைசியில் தேங்காய்ப் பால் ஊற்றியதும் காரமெல்லாம் அடங்கி இதமாக ஒரு வாசனை வருமே, அது. இருபது வருஷமாக எனக்குப் பழகிய வரிசை. தேங்காய்ப் பால் வாசனை வந்து கால் மணி நேரத்தில் சுவருக்கு மேலே ஒரு கை நீளும். "வசந்தாக்கா, சுடுது, பாத்துப் புடிங்க" என்று குரல் வரும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தப் பக்கம் மெஹருன்னிசாவும் அவள் கணவர் ஷாகுல் பாயும். இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் ராஜவேலுவும். ஆண்கள் இருவருக்கும் ஒரே சுரங்கத்தில் வேலை. வருகிற தூக்கு காலியாகத் திரும்பக் கூடாது என்பது எங்கள் பிளாக்கில் எழுதாத சட்டம். கஞ்சி வந்த தூக்கில் கொழுக்கட்டை போகும், இல்லாவிட்டால் இரண்டு முருங்கைக்காயாவது சொருகிக்கொண்டு போகும்.

அன்று பாங்கு சொல்லி முடித்தார்கள். கை நீளவில்லை. போன வருஷமும் நீளவில்லை, அதற்கு முந்தின வருஷமும் நீளவில்லை. கடைசியாகக் கஞ்சி வந்த தூக்குதான் திருப்பிக் கொடுக்கப்படாமல் என் மடியில் இருந்தது.

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த ராஜவேலு பின்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா, வாசன புடிச்சிகினு உக்காந்திருக்கியா? உள்ள வா. ஒன் கஞ்சி ஆறுது."

என் கஞ்சி என்றால் குழைந்த பச்சரிசி, உப்பு, வெந்நீர். தூக்கால் அவர் தலையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். மெஹருவின் தூக்கு நசுங்கிவிடும் என்பதால் விட்டேன்.

ஆறு வாரம்

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொல்லிவிட்டேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: பெருங்குடலில் புண், பாண்டிச்சேரியில் மூன்று வாரப் படுக்கை, பாதி உடம்பாக வீடு திரும்பல்.

கிளம்புகிற அன்று ஒரு சின்னப் பெண், அங்கே டயட்டீஷியன், ஒரு தாள் கொடுத்தாள். இடது பக்கம் சாப்பிடலாம், வலது பக்கம் கூடாது. இடது பக்கத்தில் அரிசி, சுரைக்காய், பாதி வாழைப்பழம் என்று ஏழெட்டு வரி. வலது பக்கம் கீழே வரை போய், இடம் போதாமல் பின்புறமும் தொடர்ந்தது. பால், பருப்பு, கோதுமை, பூண்டு, வெங்காயம், மிளகாய், தேங்காய், புளி.

"ஆறே வாரம்தாம்மா. குடல் ஆறட்டும். அப்பறம் வாங்க, ஒண்ணொண்ணா சேத்துப் பாக்கலாம்" என்றாள்.

ஆறாவது வாரம் சொன்னபடி போனோம். அவள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாளாம். நாற்காலி காலி. "வேற ஆள் போடற வரைக்கும் அதையே கன்டின்யூ பண்ணுங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். பெரிய டாக்டர் ஒவ்வொரு முறையும் மாத்திரையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கடைசியில் "சாப்பாடு?" என்பார். என் வீட்டுக்காரர் விறைப்பாக நின்று "ஃபாலோ பண்றோம் சார்" என்பார். "குட்" என்பார் டாக்டர். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடிக்கும்.

இப்படி குட், குட் என்று ஆறு வாரம் இரண்டு வருஷமாகிவிட்டது.

நான் நன்றி கெட்டவள் இல்லை. மாத்திரையும் பத்தியமும் சேர்ந்துதான் என்னை எழுப்பி நடக்க வைத்தன. அந்தத் தாள் இல்லாவிட்டால் இந்தத் தொடரை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. ஆனால் எழுந்து நடந்த பிறகும் கட்டிலோடு கட்டி வைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பர்மிட்

ராஜவேலுவுக்கு பெல்ட் மெயின்டனன்ஸில் வேலை. நிலக்கரி ஓடுகிற மைல் கணக்கான பெல்ட் நின்றால் அதைச் சரி செய்கிற கூட்டத்தில் ஒருவர். அங்கே ஒரு வழக்கம். பழுது பார்க்க உள்ளே இறங்குகிறவர் முதலில் கரண்டை நிறுத்தச் சொல்லி ஒரு சீட்டு வாங்க வேண்டும். அதுதான் பர்மிட். சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கும். உள்ளே இறங்கினவர் வேலை முடிந்து மேலே வந்து, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிற வரை யார் சொன்னாலும் கரண்ட் கொடுக்கக் கூடாது.

நல்ல வழக்கம்தான், பெல்ட்டுக்கு.

இந்த மனுஷர் அந்தத் தாளை லேமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். காலண்டர் அட்டையை வெட்டிச் சிவப்பு ஸ்கெட்ச்சால் 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதே' என்று எழுதி ஊறுகாய் ஜாடி கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு ஒன்று, பருப்பு டப்பாவுக்கு ஒன்று. கீழே அவர் கையெழுத்து வேறு. முதல் நாள் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு வருஷம் கழித்தும் அட்டை தொங்கியபோது சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, ஒரே ஒரு தோசை?"

"பர்மிட் ரிட்டர்ன் ஆகலியே."

"யாரு ரிட்டர்ன் பண்ணுவாங்க?"

"அந்த மேடம்தான்."

"அவங்க கல்யாணமாகிப் பறந்து போயிட்டாங்க."

"அப்ப இன்னா பண்றது? லைன் ஷட்டவுன்லதான் இருக்கும்."

இதற்கு மேல் பேசினால் வலது கையை மடக்கி இரண்டு விரலைக் காட்டுவார். அதற்கு ஒரு கதை உண்டு. சுரங்க வேலைக்கு வருவதற்கு முன் கிராமத்துப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இருந்தாராம். கூட வேலை செய்த சிநேகிதன் மெஷின் பட்டையைச் சரி செய்து முடித்திருப்பான் என்று நினைத்து இவர்தான் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அவன் முடிக்கவில்லை. அவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. 'முடிச்சிருப்பான்னு நெனச்சேன்' என்று இன்றைக்கும் தூக்கத்தில் உளறுவார்.

அது தெரிந்த பிறகு நான் எப்படிச் சண்டை போடுவேன்? பயத்தோடு சண்டை போட முடியாது. ஆனால் கோபம் மட்டும் குறையாமல் இருந்தது.

பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது என் வயிற்றுக்கு நிஜமாகவே ஆகாதவை இரண்டுதான் என்று தெரிந்தது. பாலும் பச்சை மிளகாயும். மற்றவையெல்லாம் குற்றம் செய்யாமலே இரண்டு வருஷம் உள்ளே கிடந்திருக்கின்றன. அதை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சுரைக்காய் டீச்சர்

வயிற்றுக்குப் பத்தியம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மனுஷருக்கும் அதுவே பத்தியமாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை.

பக்கத்தில் வடக்குத்து என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். மதியம் டீச்சர்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களை நடுவில் திறந்து வைப்போம். யார் கை எந்த டப்பாவில் என்று கணக்கே கிடையாது. என் டப்பாவில் சுரைக்காய் வந்த முதல் மாதம் எல்லோரும் பாவம் பார்த்தார்கள். இரண்டாவது மாதம் என் எதிரே மீன் குழம்பு டப்பாவைப் பாதி மூடியே சாப்பிட்டார்கள். மூன்றாவது மாதம் 'நோட்டுத் திருத்தணும்' என்று நானே வகுப்பறைக்குப் போய்விட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதற்காக யாரைத் திட்டுவது?

கல்யாண வீடுகளிலோ எனக்கென்று ஒரு வேலை தயாராக இருக்கும். "நீதான் சாப்பிட மாட்டியே, பொண்ணுக்குத் துணையா ரூம்ல இரு." பந்தி முடிந்து கும்பலாகச் சிரித்துக்கொண்டு வருவார்கள். நான் நகைப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருப்பேன்.

தைப்பூசத்துக்கு வடலூர் சபைக்குப் போனோம். அன்னதானப் பந்தியில் கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தது என் தப்பு. இலை விழுந்துவிட்டது. பரிமாறுகிறவர் வாளியோடு வந்து நின்றார். நான் இலை மேல் கையை விரித்தேன்.

"ஏம்மா, பசிக்கலியா?"

"பசிக்குதுங்க. ஆனா வேணாங்க."

அவர் குழம்பிப் போனார். "இங்க வந்துட்டுப் பசியோட போவக் கூடாதும்மா. கொஞ்சமா வெக்கட்டா?"

பக்கத்திலிருந்த ராஜவேலு சட்டென்று பையிலிருந்து என் டப்பாவை எடுத்து இலை நடுவில் வைத்தார். சுரைக்காய். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஊர் உலகத்துக்கே சோறு போடுகிற இடத்தில், அவர்கள் சோறு வேண்டாமென்று வீட்டிலிருந்து டப்பா கொண்டு வந்து தின்றவள் நானாகத்தான் இருப்பேன். தலையை நிமிர்த்தவே இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மெஹரு விஷயம் ஒன்றுதான். ஆரம்பத்தில் அவள் கஞ்சி அனுப்பாதது என் வயிற்றை நினைத்து என்றிருந்தேன். போகப் போக அவள் சுவரோரம் வருவதே நின்றது. வாசலில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா" என்பாள், பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விடுவாள். சரி, அவளுக்கும் நான் சலித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் முறுக்கிக்கொண்டேன். வைகாசியோடு ஷாகுல் பாய் ரிட்டயர் ஆகிறார். வடலூரில் வீடு கட்டி முடித்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு இதுதான் கடைசி நோன்பு.

குள்ளஞ்சாவடியில் கொய்யா

நோன்பு தொடங்கி நாலைந்து நாளில் பாண்டிச்சேரிக்கு என்னுடைய செக்கப். டயட்டீஷியன் நாற்காலியில் புதிதாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராஜவேலு லேமினேட் தாளைப் பெருமையாக எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத எதுக்குங்க லேமினேட் பண்ணீங்க? ஆறு வாரம் கழிச்சுக் கிழிச்சுப் போட வேண்டிய பேப்பர் இது."

என் வீட்டுக்காரர் தாளைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு மொதல்ல எதும்மா சாப்பிடணும்?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். இரண்டு வருஷத்தில் அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. "நோன்புக் கஞ்சி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "காரம் வேணாம், கறி வேணாம். மூணு ஸ்பூன். மூணு நாள் சும்மா இருந்து பாருங்க. ஒத்துக்கிட்டா அதுல போட்டதெல்லாம் ஒண்ணா பாஸ். ஒத்துக்கலன்னா பிரிச்சுப் பாப்போம்." அதையே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

திரும்பும் பஸ் கடலூரைத் தாண்டியது. குள்ளஞ்சாவடியில் பஸ் நின்றதும் கொய்யாக்கூடையோடு ஒரு அம்மா ஜன்னலோரம் வந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் இவர் கையை நீட்டி "வேணாம் வேணாம், போங்க" என்றார்.

"நான் கேட்டனா?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் கொய்யா கேட்டனா? நான் பாக்கறதுக்கு முன்னாடியே ஏன் வேணாங்கறீங்க?"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அந்தம்மா சொன்னது காதுல விழுந்துதா இல்லியா?"

"விழுந்துது. ஆனா பழைய மேடம் போட்ட பர்மிட்ட இவங்க எப்பிடி ரிட்டர்ன் பண்ண முடியும்?"

"பர்மிட் யாரு எடுப்பாங்க? சொல்லுங்க."

"உள்ள எறங்கறவன்."

"யாரு திருப்பிக் குடுக்கணும்?"

"எறங்குனவன்தான். அவனே மேல வந்து, அவன் கையாலயே…"

"உள்ள எறங்குனது யாருங்க? அந்த மேடமா? நீங்களா?"

முன் சீட்டுக்காரர் டிக்கெட்டைப் படிப்பது போல நடித்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். லேமினேட் தாளில் மை ஏறவில்லை. புதுச் சீட்டின் பின்புறம் 'வேலை முடிந்தது, மேலே வந்துவிட்டேன், வசந்தா' என்று எழுதி அவர் மடியில் வைத்தேன்.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒனக்காகத்தான் எல்லாம் பண்ணேன். பாய்கிட்ட கூட அப்பவே சொல்லி வெச்சிட்டேன்."

"என்னன்னு?"

"இனிமே எங்க வூட்டுக்கு ஒண்ணும் குடுத்தனுப்பாதீங்கன்னு."

"எதனாலன்னு சொன்னீங்களா?"

"வயித்தால போறது, ரத்தம், இதையெல்லாம் ஆம்பளைங்களுக்குள்ள எப்பிடிச் சொல்றது? வேணாம்னு மட்டும் சொன்னேன்."

இருபது வருஷம் தின்றுவிட்டு, ஒரு நாள் காரணம் சொல்லாமல் உங்கள் வீட்டுச் சோறு வேண்டாம் என்றால், இந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் வரும் என்று இந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. பெல்ட்டை நிறுத்துகிற மாதிரி ஒரு வீட்டையே நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.



சுவருக்கு அந்தப் பக்கம்

வீட்டுக்கு வந்ததும் தூக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காலியாகக் கொண்டுபோக முடியாது. தோட்டத்து எலுமிச்சையைப் பறிக்கச் சொன்னேன். முள் கிழித்து முழங்கையில் ரத்தக்கோடு போட்டது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

ஷாகுல் பாய் கையில் பேரீச்சம்பழத்தோடு பாங்குக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இவர் வாசலிலேயே நின்று ஆரம்பித்தார்.

"பாய், நான் அன்னிக்குச் சொன்னது தப்பாயிடுச்சி. இவளுக்கு வந்து… வயித்தால… ரத்தம் ரத்தமா…"

நோன்பு திறக்கிற நேரத்தில்! இரண்டு வருஷம் சொல்ல வெட்கப்பட்டவருக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது. "மொதல்ல அவர் நோன்பு தொறக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாங்கு கேட்டது. பாய் பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "உள்ள வாங்க" என்றார்.

மீதியை அவர்கள் முன்னறையில் பேசிக்கொண்டார்கள். நான் அடுப்படிக்குப் போனேன். மெஹரு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"மொதல்ல உங்க ஒடம்புக்காவத்தான்னு நெனச்சேன். கொலுவுக்கு எதுத்த வூட்டுச் சுண்டலு உங்க வூட்டுக்குப் போச்சு" என்றாள், திரும்பாமலே. "சன்னல்லேந்து பாத்தேன். எங்க வூட்டுது மட்டும் ஆவாம பூட்டுதுன்னு அன்னிக்கு அழுதேன்."

"அந்தச் சுண்டல அவருதான் தின்னாரு மெஹரு. நான் தொடக்கூட இல்ல. அவரு பாய்கிட்ட சொன்னது இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். சத்தியமா."

"சரி, தெரியாது. ஒத்துக்கறேன்." இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "ரெண்டு வருசம். நடுவுல ஒரு செவுரு. ஏண்டி மெஹரு, கஞ்சி எங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லக்கா? கேட்டா நான் இல்லன்னா சொல்லிடுவேன்?"

வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தவள் நான். ஆனால் சுவரோரம் போய்க் கேட்கவிடாமல் எந்தத் தாளும் என்னைத் தடுக்கவில்லை. அவளே வரட்டும் என்று தூக்கைத் தேய்த்துத் தேய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வீம்பு. அதை அங்கேயே, அந்த அடுப்படியிலேயே சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்கக்கா. அழுதா இன்னும் வயித்த வலிக்கும்" என்றாள் எரிச்சலாக. தரையில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தாள். நல்ல வேளை, அன்று கறி போடாத கஞ்சி, பாய்க்கு நெஞ்செரிச்சல் என்று காரமும் இல்லை. தட்டில் ஊற்றி விசிறினாள்.

ராஜவேலு அடுப்படி வாசலில் வந்து நின்றார். பழுது பார்த்த பெல்ட்டை முதலில் ஓட்டிப் பார்க்கும்போது இழுத்தால் பெல்ட் நிற்கிற அவசரக் கயிற்றில் கை வைத்து நிற்பார்களாம். அப்படித்தான் நின்றார்.

முதல் ஸ்பூன். இஞ்சி தெரிந்தது. இரண்டாவது ஸ்பூனில் புதினாவும் தேங்காய்ப் பாலும். மூன்றாவதை நாக்கிலேயே வைத்துக்கொண்டு, அது தானாகக் கரைகிற வரை விழுங்காமல் இருந்தேன்.

மெஹரு கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாள். "அந்தச் சீட்டுல எவ்வளவுன்னு எழுதியிருக்குண்ணா?"

"மூணு ஸ்பூனு."

நான் நாலாவது ஸ்பூனை மொண்டு வாய் வரைக்கும் கொண்டுபோனேன்.

"கூடாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தட்டு என் மடியிலிருந்து போய்விட்டது.